வாலாட்டும் உறவுகள் – 9: கோடைக்கு மொட்டை அடிக்கலாமா?

சென்ற வாரம் குட்டை முடி நாய்களைப் பார்த்தோம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் ஊர் நாய்களுக்கு ரப்பர் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை தேய்த்துவிட்டால் போதும். நீள முடிக்காரர்களின் கதை வேறு. பங்குனி வெயில் ஏறியதுமே அவற்றை வளர்ப்பவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “பாவம், எப்படி இரைக்குது! ஒட்ட வெட்டிவிட்டுடலாமா?”

சில நாய்களுக்கு வெட்டலாம், சில நாய்களுக்குக் கூடாது. இதை முடிவு செய்ய முடியின் நீளத்தைப் பார்த்துப் பயனில்லை. அது வளரும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

நாய் முடியில் இத்தனை ரகங்கள் எப்படி வந்தன? அமெரிக்காவின் எலைன் ஆஸ்ட்ராண்டர் குழுவினர் 80 இனங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து, 2009-இல் ‘சயின்ஸ்’ இதழில் இதற்கு விடை சொன்னார்கள். பெரும்பாலான ரகங்களுக்கு மூன்றே மரபணுக்கள் காரணம். ஒன்று நீளத்தையும், ஒன்று சுருளையும், மற்றொன்று மீசை, புருவ முடியையும் தீர்மானிக்கிறது. நீளத்துக்கான எஃப்ஜிஎஃப்5 மரபணுவின் வேலை, ‘வளர்ந்தது போதும்’ என்று முடிக்கு உத்தரவு போடுவது. அதில் மாற்றம் நேர்ந்த நாய்களுக்குத்தான் முடி நீண்டு தொங்குகிறது.

இப்போது உங்கள் நாயின் முதுகு முடியை விரலால் பிரித்துப் பாருங்கள். நீண்ட மேல்முடிக்கு அடியில் பஞ்சு போல அடர்ந்த அடிமுடி தெரிகிறதா? கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன், ஹஸ்கி, வீட்டுக்கு வீடு வளரும் இந்தியன் ஸ்பிட்ஸ் எல்லாம் இந்த வகை. இவற்றின் முடி ஓரளவு வளர்ந்து நின்றுவிடும்; நெடுநாள் ஓய்வில் இருந்து, பின்பு கொத்துக் கொத்தாக உதிரும்.

இந்த வகைக்கு மெஷின் வைத்து மொட்டை அடிக்காதீர்கள். ஓய்வில் இருக்கும் முடிக்கால்கள் உடனே விழித்துக்கொள்வதில்லை. வெட்டிய இடம் மாதக்கணக்கில் வழுக்கையாகவே நிற்கலாம். ஸ்பிட்ஸ், பொமரேனியன், ஹஸ்கி வகைகளில் இது அதிகம். முளைத்தாலும் நிறமும் தன்மையும் மாறிப்போகலாம். நாய் தன் உடல் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் இரைப்பதன் மூலம்தான். வியர்ப்பது பாதத்தில் மட்டும். முடியை வழித்தால் வெயில் நேராகத் தோலில் விழும். அதற்குப் பதிலாக, உதிர்ந்தும் வெளியே வராமல் சிக்கிக் கிடக்கும் அடிமுடியைச் சீவி எடுங்கள். காற்று உள்ளே போகும். அறுவை சிகிச்சைக்கோ தோல் நோய்க்கோ மருத்துவர் வழிக்கச் சொன்னால் அது வேறு விஷயம்.

ஷிட்சு, லாசா ஆப்சோ, மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர், பூடில் ஆகியவை இன்னொரு வகை. நம் தலைமுடியைப் போல இவற்றின் முடி வளர்ந்துகொண்டே இருக்கும். வீட்டில் முடி அதிகம் பறக்காது என்பதற்காகவே பலர் இவற்றை வாங்குகிறார்கள். ஆனால் உதிரும் கொஞ்ச முடியும் கீழே விழாமல் உள்ளேயே சிக்கிச் சடை பிடிக்கும். எனவே மாதம் ஒன்றோ ஒன்றரையோ ஆனால் வெட்டத்தான் வேண்டும். தினமும் சீவ நேரமில்லாதவர்கள் ஒன்றிரண்டு அங்குலம் விட்டு வெட்டிவைப்பதே நாய்க்கு நல்லது. கண்ணில் விழும் முடியை வெட்டலாம், குடுமியாகவும் கட்டலாம்.

சடை முதலில் பிடிப்பது காதுக்குப் பின்னால், அக்குளில், தொடை இடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில். மேலோட்டமாகச் சீவினால் வெளியே பளபளக்கும், அடியில் சடை இறுகும். ஒரு கையால் முடியைத் தூக்கிப் பிடித்து, தோல் தெரியும்படி வகிடெடுத்து, வரிசை வரிசையாகச் சீவுங்கள். மெல்லிய கம்பிப் பற்கள் கொண்ட ஸ்லிக்கர் பிரஷ்ஷால் சீவிய பின் ஸ்டீல் சீப்பை வேரிலிருந்து நுனிவரை இழுத்துப் பாருங்கள். எங்கும் தடுக்காமல் வந்தால்தான் வேலை முடிந்தது.

சிக்கெடுத்த பிறகே குளிப்பாட்டுங்கள். தண்ணீர் பட்டால் சடை இன்னும் இறுகும். சடையைக் கத்தரிக்கோலால் நறுக்காதீர்கள். முடியோடு இழுபட்டு நிற்கும் மெல்லிய தோலும் சேர்ந்து வெட்டுப்படும். நாம் போடும் ஷாம்பு வேண்டாம், நாய்த் தோலின் அமிலத்தன்மை வேறு. குளித்த பின் அடிமுடிவரை உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் நம் புழுக்கத்தில் தோல் சிவந்து புண்ணாகும்.

சீவும் நேரம்தான் நாயின் உடம்பை முழுதாகத் தடவிப் பார்க்கும் நேரமும். கட்டி, புண், வலிக்கும் இடம் எல்லாம் மருத்துவரைவிட உங்கள் விரலுக்கே முதலில் தெரியவரும். காது மடிப்பிலும் கால்விரல் இடுக்கிலும் இன்னொன்றும் தட்டுப்படும்: உண்ணி. அதை எப்படி எடுப்பது, எடுக்கும்போது எதைச் செய்யக் கூடாது?

அடுத்த வாரம் பார்ப்போம்.