காக்காப் பொன்னைக் காட்டிக்கொடுக்கும் கோடு!

உடைந்த பீங்கான் துண்டு போதும். மோசடி ஆசாமியின் குட்டு அம்பலம்

கோவில்பட்டி,

கிணறு வெட்டும்போது கிடைத்தது என்று ஒரு ஆசாமி மஞ்சளாக மின்னும் கல்லை நீட்டுகிறான். "வீட்டுல ரொம்பக் கஷ்டம் அண்ணாச்சி. நகைக் கடைக்குக் கொண்டு போனா ஆயிரம் கேள்வி கேப்பாக. நீங்க பாத்து ஏதாவது குடுங்க" என்று குழைகிறான்.

வாங்கலாமா?

கூடாது. முதலில் ஒரு கோடு போட்டுப் பார்க்கவேண்டும். அந்த ஒரு கோட்டில் பாதி மோசடி வெளுத்துவிடும்.

இதற்கு மெஷின் வேண்டாம், பெரிய படிப்பு வேண்டாம். வீட்டில் உடைந்துபோன பீங்கான் கோப்பை இருந்தால் எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பளபளப்பு இல்லாமல், சொரசொரவென்று ஒரு வெள்ளை வளையம் இருக்கும். சந்தேகப்பட்ட கல்லை அதில் அழுத்தி ஒரு இழுப்பு இழுக்கவேண்டும். கல் தேய்ந்து பொடி விழும். அந்தப் பொடியின் நிறம்தான் கல்லின் உண்மையான நிறம்.

வெளி நிறம் வேஷம்!

கல்லின் மேல்நிறம் வெயிலில் மாறும், மழையில் மாறும், துருப் பிடித்தாலும் மாறும். கொஞ்சம் வேறு பொருள் கலந்திருந்தால் ஒரே வகைக் கல்லே நாலு நிறத்தில் கிடைக்கும். பொடியின் நிறம் அவ்வளவு லேசில் மாறாது. அதனால்தான் உலகம் முழுவதும் கல் ஆராய்ச்சி படிக்கும் மாணவர்களுக்கு முதல் பாடமாக இந்தக் கோட்டுச் சோதனையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினமும் செய்வதும் இதுதான். பென்சிலுக்குள் இருப்பது கிராபைட் என்ற தாதுவும் களிமண்ணும். சிவகங்கை பக்கம் பூமியில் வெட்டி எடுக்கும் அதே கிராபைட்தான். அது காகிதத்தில் உரசி விட்டுப்போகும் கோட்டைத்தான் எழுத்து என்கிறோம்.

மூன்று மஞ்சள்

மஞ்சளாக மின்னும் பொருள் மூன்று விதம். மூன்றையும் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது காக்காப் பொன். மைக்கா, அப்பிரகம் என்பதும் இதுதான். பாறையில் உள்ள கருப்பு மைக்கா வெயிலிலும் மழையிலும் கிடந்து நாளாக ஆகப் பொன்னிறம் அடிக்கும். ஓடை மணலில் கிடந்தால் தங்கத் தூள் மாதிரியே ஜொலிக்கும். ஆனால் நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாக உரியும். கோடு போட்டால் வெள்ளையாகவோ சாம்பலாகவோ விழும். கூர்மையான பெரியவர்கள் அதற்குக் "காக்காப் பொன்" என்று பெயர் வைத்தே எச்சரித்துவிட்டார்கள்!

இரண்டாவது பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல். பார்வைக்குப் பித்தளை மாதிரி தகதகவென்று இருக்கும். வெளிநாட்டில் இதற்கு "முட்டாள் தங்கம்" என்று பட்டப்பெயர். இது பீங்கானில் போடும் கோடு மஞ்சள் அல்ல, பச்சை கலந்த கருப்பு! சுத்தியலால் அடித்தால் நொறுங்கும். கந்தக நெடி வீசும்.

மூன்றாவதுதான் தங்கம். கோடும் மஞ்சள், உள்ளும் மஞ்சள். அடித்தால் உடையாது, தகடாகத் தட்டையாகும்.

ராணியே ஏமாந்தார்!

ஏமாந்தவர்களில் பாமரர் மட்டும் இல்லை. 1576-ம் ஆண்டு மார்ட்டின் புரோபிஷர் என்ற ஆங்கிலேய மாலுமி கனடாவின் வடகோடியில் இருந்து ஒரு கருப்புக் கல்லைக் கொண்டுவந்தார். அதில் தங்கம் இருப்பதாகச் சிலர் கிளப்பிவிட்டார்கள். முதலாம் எலிசபெத் ராணியே பணம் போட்டார். 1578-ல் கப்பல் கப்பலாக ஆயிரம் டன்னுக்கு மேல் கல் வந்து இறங்கியது. உருக்கிப் பார்த்தால் ஒன்றும் இல்லை! பணம் போட்ட கம்பெனி திவால் ஆனது.

ஆசாரியின் கல்

பீங்கான் கோட்டை வெள்ளைக்காரன் சொல்லித்தான் தெரிந்துகொள்ளவேண்டும் என்பது இல்லை. நம் ஊர் ஆசாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கோடு போட்டுத்தான் பொன்னை எடை போடுகிறார்கள். அதற்குப் பெயர் உரைகல். கட்டளைக்கல் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார்.

உரைகல் கருப்பாக, நுண்மையாக, பொன்னைவிடக் கெட்டியாக இருக்கும். நகையை அதில் உரசுவார்கள். பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த பொன்னால் இன்னொரு கோடு. இரண்டையும் ஒத்துப் பார்த்துவிட்டு, மேலே ஒரு சொட்டு திராவகம். செம்பும் பித்தளையும் கரைந்து கோடு காணாமல் போகும். பொன் அப்படியே நிற்கும்.

தஞ்சைப் பெரிய கோவிலில் ராஜராஜ சோழன் வெட்டிவைத்த கல்வெட்டுகளில், "தண்டவாணி" என்ற தரத்தைவிட இத்தனை மாற்றுக் குறைந்த பொன் என்று கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். சாமிக்குக் கொடுத்த பொன்னையே உரசிப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள்!

ஒரு குறை மட்டும் உண்டு. உரைகல் காட்டுவது மேல்பூச்சைத்தான். கெட்டியாக முலாம் பூசிய நகையை வைத்து அடகுக் கடையிலும் வங்கியிலும் பணம் கறந்துகொண்டு கம்பி நீட்டும் கும்பலுக்கு இந்த ரகசியம் தெரியும்.

அதற்கும் வழி இருக்கிறது. நகையை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போடவேண்டும். 8 கிராம் உள்ள 22 காரட் பவுன் தண்ணீரில் சுமார் அரை கிராம்தான் எடை குறையும். அதே 8 கிராம் பித்தளை என்றால் ஏறக்குறைய ஒரு கிராம் குறைந்துவிடும். உள்ளே செம்பு வைத்து மேலே பொன் பூசினாலும் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். கல் வைத்த நகைக்கும், உள்ளே கூடாக இருக்கும் நகைக்கும் இந்தக் கணக்குச் சரிவராது.

கடையில் புது நகை வாங்குகிறவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. 2023 ஏப்ரல் 1-ந் தேதி முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க அடையாள எண் கட்டாயம். அந்த எண்ணைக் கேட்டு வாங்கவேண்டியதுதான்.

கரிசலில் இரண்டு வெள்ளை

மோசடி பொன்னோடு நிற்பது இல்லை. உழவர்களுக்கும் இந்தச் சோதனை உதவும்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசலில் இரண்டு வெள்ளைப் பொருள் கிடைக்கிறது. ஒன்று சுக்கான் கல். இன்னொன்று ஜிப்சம். பொடியாக்கி மூட்டையில் போட்டால் இரண்டும் ஒன்று மாதிரியே இருக்கும். கோடு போட்டாலும் இரண்டும் வெள்ளைதான். இங்கே கோடு கைவிட்டுவிடும். வேறு சோதனை வேண்டும்.

கட்டியாக இருந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள். ஜிப்சத்தில் நகம் பதியும். சுக்கானில் பதியாது. பொடியாக இருந்தால் வினிகர் கொஞ்சம் ஊற்றுங்கள். சுக்கான் "புஸ்" என்று நுரைக்கும். ஜிப்சம் சும்மா கிடக்கும்.

ஆஸ்திரியாவில் வேலை பார்த்த மோஸ் என்ற ஜெர்மன் நிபுணர் 1812-ல் கற்களைக் கெட்டித்தன்மைப்படி பத்துப் படிகளாகப் பிரித்தார். முதல் படி மாக்கல், பத்தாவது படி வைரம். ஜிப்சம் இரண்டாவது படி. நகம் இரண்டரை. சுக்கானில் உள்ள சுண்ணாம்புத் தாது மூன்று. அந்த அரைப் படி வித்தியாசம்தான் உழவரைக் காப்பாற்றுகிறது.

எப்படி என்றால், களர் நிலத்தைத் திருத்தவும், நிலக்கடலை பருப்புப் பிடிக்கவும் போடவேண்டியது ஜிப்சம். நிலக்கடலைக்கு ஹெக்டேருக்கு 400 கிலோ என்பது வேளாண்மைத் துறை சிபாரிசு. ஜிப்சம் என்று சொல்லி எவனாவது சுக்கான் பொடியைத் தலையில் கட்டினால், களர் அப்படியே இருக்கும், கைக்காசுதான் கரையும்.

கருப்பு, சிவப்பு, காந்தம்

எஃகு மாதிரி கருத்துக் கிடக்கும் கல் சிலசமயம் பீங்கானில் ரத்தச் சிவப்பாகக் கோடு போடும். பயப்படவேண்டாம். அது ஹேமடைட் என்ற இரும்புத் தாது. நம் காவிக்கல்லின் சிவப்புக்கும் அதுவே காரணம். கோடு கருப்பாக விழுந்து, காந்தமும் இழுத்தால் அது மேக்னடைட். சேலம் கஞ்சமலையில் கிடைப்பது இந்த வகை.

தூத்துக்குடி, நெல்லை, குமரிக் கடற்கரையில் உள்ள கருப்பும் சிவப்புமான மணலிலும் இதே கதைதான். இல்மனைட், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்து கிடக்கும். மணவாளக்குறிச்சி ஆலையில் அவற்றைக் காந்தத்தாலும், மின்சாரம் பாயும் குணத்தை வைத்தும், கனத்தை வைத்தும் பிரிக்கிறார்கள். அணுசக்திக்கான தோரியம் மோனசைட்டில் இருக்கிறது. மணல் பிரச்சினை பெரிதாகி 2013-ல் இந்த மாவட்டங்களில் தனியார் தாது மணல் அள்ளத் தமிழக அரசு தடை போட்டது.

இரிடியமாம், இரிடியம்!

எல்லாவற்றிலும் பெரிய டூப் இரிடியம். "பழைய கோபுரக் கலசம், இடி விழுந்தது, அரிசியை இழுக்குது பாரு" என்று காட்டி லட்சம் லட்சமாகக் கறப்பார்கள். ரிசர்வ் வங்கி பெயரில் போலிக் காகிதம்கூட வைத்திருப்பார்கள். தமிழக சி.பி.சி.ஐ.டி. போலீசார் 2025-ல் இப்படிப்பட்ட கும்பல்களைச் சேர்ந்த பலரைக் கைது செய்தனர்.

இரிடியம் என்பது உண்மையிலேயே உள்ள உலோகம்தான். 1803-ல் கண்டுபிடித்தார்கள். ஆனால் அது அரிசியையும் இழுக்காது, இரும்பையும் இழுக்காது. அரிசியில் இரும்புத் தூளை ஒட்டி, கலசத்துக்குள் காந்தம் வைத்தால் எந்தச் செம்புப் பானையும் "இரிடியம்" ஆகிவிடும்!

இரிடியத்தின் கனம் தண்ணீரைப்போல் இருபத்திரண்டரை மடங்கு. செம்பு ஒன்பது மடங்குகூட இல்லை. தராசும் ஒரு வாளித் தண்ணீரும் இருந்தால் ஐந்தே நிமிடத்தில் குட்டு உடைந்துவிடும். அதனால்தான் "தொடக்கூடாது, கதிர்வீச்சு அடிக்கும், கிட்டே போகாதே" என்று மிரட்டுகிறார்கள்.

உரச விடமாட்டான்

மோசடி ஆசாமியைக் கண்டுபிடிக்க இதுவே அடையாளம். அவன் பொருளைத் தூரத்தில் வைத்துக் காட்டுவான். ராத்திரியில் காட்டுவான். உரசவோ, நனைக்கவோ, எடை போடவோ விடமாட்டான். நல்ல பொருளுக்கு உரைகல்லைக் கண்டு பயம் இல்லை.

"புதையல்" என்று சொன்னால் இன்னும் உஷாராக இருக்கவேண்டும். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும். ரகசியமாக வாங்கினால் பணமும் போகும், போலீஸ் ஸ்டேஷன் வாசலும் மிதிக்கவேண்டி வரும்.

சோதனை செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எந்தக் கல்லையும் நாக்கில் வைத்துப் பார்க்கக்கூடாது. திராவகத்தை ஆசாரியிடம் விட்டுவிடவேண்டும். வீட்டுக்கு வினிகர் போதும். குவார்ட்ஸ் என்னும் வெங்கச்சங்கல் பீங்கானைவிடக் கெட்டி. அது கோடு போடாது, பீங்கானையே கீறிவிடும். பீங்கான் பொடியைப் பார்த்துக் கல்லின் நிறம் என்று நினைத்துவிடக்கூடாது.

கல்லில் ஏதோ இருக்கிறது என்று உண்மையாகவே சந்தேகம் வந்தால், மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டலாம். அதுவரை கைக்காசை வெளியே எடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.