செர்காமுக்கு எத்தனை எழுத்து?

மலேசியாவில், மலாக்காவின் ஜாசின் மாவட்டத்தில் உள்ள செர்காமுக்கு அஞ்சல் குறியீடு 77300. வீட்டுத் தொலைபேசி எண் 06 என்று தொடங்கும். இரண்டும் எண்தானே என்று தோன்றும். பைத்தன் நிரல்மொழியில் 06 என்று வெறுமனே எழுதிப் பாருங்கள். முன்னால் சுழியம் நிற்கக் கூடாது என்று பிழை காட்டும். மேற்கோள் குறிக்குள் போட்டால் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஒரு தரவு எந்த வகை என்பதை அதன் தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அதை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். செம்பனைக் குலைகளை எண்ணுகிறோம், அது இன்ட் எனும் முழு எண். எடையைக் கிலோவில் போடுகிறோம், அது ஃப்ளோட் எனும் தசம எண். பழுத்ததா இல்லையா என்பது பூல் எனும் ஆம்-இல்லை வகை. ஆனால் இரண்டு பேரின் அடையாள அட்டை எண்களை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அது ஸ்ட்ரிங், அதாவது எழுத்துச் சரம்.

மலேசிய அடையாள அட்டையான மைகார்டின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம், மலாக்காவுக்கு 04. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். 2007இல் பிறந்த ஒருவரின் எண் 07 என்று தொடங்கும். அதை இன்ட் ஆக்கினால் முன்சுழியம் உதிர்ந்து 11 இலக்கம்தான் மிஞ்சும். ஏழாவது, எட்டாவது இடத்தில் மாநிலத்தைத் தேடும் நிரல் ஓர் இலக்கம் தள்ளிப் படிக்கும். 1990இல் பிறந்தவருக்கு இந்தச் சிக்கலே வராது. அதனால்தான் இந்தப் பிழை நெடுநாள் ஒளிந்திருக்கும்.

வகையைப் பைத்தனே கண்டுபிடித்துக்கொள்கிறதே, நமக்கேன் கவலை என்று கேட்கலாம். நாம் எழுதிய விதத்தைத்தான் அது பார்க்கிறது, நம் எண்ணத்தை அல்ல. தட்டுவதை வாங்கிக்கொள்ளும் இன்புட் வழியாக 12, 5 என்று தட்டிக் கூட்டச் சொன்னால் 17 வராது, 125 வரும். அங்கே வாங்குவதெல்லாம் சரம். அப்படியானால் எல்லாவற்றையும் சரமாகவே வைத்துக்கொள்ளலாமே? வரிசைப்படுத்தும்போது 9க்கு முன்னால் 10 வந்து நிற்கும்.

பணத்தில் வேறு தொல்லை. 0.1 வெள்ளியுடன் 0.2 வெள்ளியைக் கூட்டினால் பைத்தன் 0.30000000000000004 என்கிறது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதி முடிக்க முடியாததுபோல, பத்தில் ஒரு பங்கைக் கணினியின் இரும எண் முறையில் எழுதி முடிக்க முடியாது. 2008 ஏப்ரல் 1 முதல் கடை ரசீதின் மொத்தத்தை ஐந்து சென்னுக்கு முழுமையாக்கித்தானே ரொக்கம் வாங்குகிறார்கள், இந்தத் துளி என்ன செய்துவிடும் என்பார்கள். கூட்டுத்தொகையும் 0.3ம் சமமா என்று கேட்டால் இல்லை என்ற பதில் வருகிறதே! வெள்ளியை விட்டுச் சென்னில் கணக்கு வைத்தால், 10ம் 20ம் முழுசாக 30.

ஆங்கிலச் சொற்கள்தாம் தடை என்பவர்களுக்கு முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழி இருக்கிறது. அதில் அச்சிட ‘பதிப்பி’ என்றே எழுதலாம். சொல் தமிழானால் பழகுவது எளிது, மறுக்கவில்லை. எண்ணா சரமா என்ற கேள்வி அங்கேயும் உண்டு. தமிழ்ச் சரத்துக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. செர்காம் என்பதில் செ, ர், கா, ம் என நமக்கு நான்கு எழுத்து. சரத்தின் நீளத்தைச் சொல்லும் பைத்தனின் லென் எட்டு என்கிறது. யூனிகோடில் ச, ஒற்றைக்கொம்பு, ர, புள்ளி, க, கால், ம, புள்ளி என்று தனித்தனியே அடுக்கியிருப்பதை அது எண்ணுகிறது.