ஆட்டின் வயிற்றில் ஓர் எரிபொருள் ஆலை

ஆட்டின் இரைப்பையைக் கழுவித் துப்புரவு செய்யும் இல்லத்தரசிகள், அதனுள் பாதி செரித்துக் கிடக்கும் புல்லைக் கண்டு முகம் சுளித்திருப்பீர்கள். அதே ஆட்டின் புழுக்கையை ஆய்வுக்கூடங்கள் ஆவலோடு சேகரிக்கின்றன என்றால் நம்புவீர்களா?

வைக்கோலிலும் சோளத்தட்டையிலும் இருப்பது சங்கிலியாய்க் கோத்த சர்க்கரைதான். லிக்னின் என்னும் கெட்டியான பொருள் அதைக் காவல் காக்கிறது. இதை உடைக்கும் ஆற்றல் ஆட்டுக்கே கிடையாது. இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் செய்கின்றன. ஆடு அவற்றுக்கு இடமும் இரையும் கொடுக்கிறது. அவை ஆட்டுக்குச் சக்தியளிக்கும் அமிலங்களை வாடகையாகத் தருகின்றன!

அவற்றுள் விந்தையானது ஒரு பூஞ்சணம். பூஞ்சணம் எதுவாயினும் பிராணவாயு இன்றி வாழாது என்றே முன்பு கருதினர். செம்மறியின் இரைப்பையில் வாலசைத்து நீந்தியவற்றை ஒற்றைச் செல் பிராணிகள் என எண்ணியிருந்தனர். அவை பூஞ்சண வித்துக்களே என்று 1975இல் இங்கிலாந்தின் காலின் ஆர்பின் நிறுவினார். இவ்வித்து வைக்கோலில் ஒட்டி, வேர் விட்டு, உள்ளிருந்தே அதைப் பிளக்கிறது.

கதிர் வீட்டுக்கு, தட்டை வண்டிக்கு என்பதே நியாயமான பங்கீடு. ஆனால் தட்டையைப் பக்குவப்படுத்தவும், நொதிகளை விலைகொடுத்து வாங்கவும் செலவு மிகுதி. சோளத்தட்டையிலிருந்து எத்தனால் வடிக்க அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டூபாண்ட் நிறுவனம் 2015இல் திறந்த பேராலை, 2017லேயே மூடப்பட்டது.

இத்தகைய செலவைக் குறைக்கும் வழியைத்தான் கலிபோர்னியாவில் மிஷெல் ஓமாலி குழுவினர் ஆட்டிடம் தேடுகின்றனர். ஆடு, செம்மறி, குதிரை ஆகியவற்றின் குடற்பூஞ்சணங்கள் சுரக்கும் நொதிகள், ஆலைகளுக்கென மேம்படுத்தி விற்கப்படுபவற்றுக்கு ஈடானவை என 2016இல் கண்டனர். லிக்னினையும் ஓரளவு அவை சிதைப்பதாக 2023இல் அறிவித்தனர்.

ஆயினும் இவற்றைப் பழக்குவது எளிதன்று. காற்றுப் பட்டால் மடிந்துவிடும். தாம் வெளியிடும் ஹைட்ரஜன் தேங்கினாலோ வேலை மந்தமாகும். வயிற்றில் அதை உண்டு மீத்தேன் ஆக்கும் தோழமை உயிர்கள் உண்டு. இப்பூஞ்சணமும் அத்தோழரும் சேர்ந்த கூட்டம், பாக்டீரியா கூட்டத்தைவிடக் கூடுதலாக மீத்தேன் தந்ததை 2021இல் இக்குழு வெளியிட்டது. மீத்தேன் அடுப்பெரிக்கும் வாயுவே. எத்தனாலோ அமிலங்களோ வேண்டுமெனில், மீத்தேன் ஆக்குவோரை விலக்கி, ஹைட்ரஜனை வேறு வழியில் அகற்றியாக வேண்டும். ஆட்டின் வயிறு கற்றுத்தராத பாடம் அது.