தலையில் அடிபட்டால் உடனே ஸ்கேனா?

சைக்கிளில் இருந்து விழுந்து, தலையில் 'ணங்'கென்று அடிபட்டிருக்கிறதா குட்டீஸ்? வீட்டில் திட்டு விழுமே என்று பயந்து, முடியை இழுத்துச் சீவி வீக்கத்தை மறைப்பவர்களும் உங்களில் உண்டு. எங்களுக்குத் தெரியாதா என்ன!

வெளியே தெரிகிற புடைப்பு, பெரும்பாலும் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டுவதுதான். ஆனால், எப்போதாவது மண்டை ஓட்டுக்குள்ளும் ரத்தம் கசியும். எலும்பு, பலூன் மாதிரி விரியாதே! கசிந்த ரத்தம் மூளையைத்தான் அழுத்தும். அடிபட்டதும் சிரித்துப் பேசியவர்கூட, சில மணி நேரம் கழித்து மயங்கி விழலாம்.

இதைக் கண்டுபிடிக்க உதவுவது சி.டி. ஸ்கேன். சுற்றிலும் இருந்து எக்ஸ்-ரே கதிர்களைச் செலுத்தி, பிரெட் துண்டு போல அடுக்கடுக்காக மூளையைக் காட்டும். இதை உருவாக்கிய இங்கிலாந்துப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் வேலை பார்த்தது, ஈ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனத்தில்! தாத்தா வீட்டில் நாய் படம் போட்ட பழைய ஹெச்.எம்.வி. இசைத்தட்டு இருக்கிறதா? அந்தப் பெயர் இந்த நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்ததுதான். 1971 அக்டோபர் 1ம் தேதி, லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை இப்படிப் படமெடுக்கப்பட்டது. 1979ல் ஆலன் கார்மக்குடன் சேர்ந்து, ஹவுன்ஸ்ஃபீல்ட் நோபல் பரிசு பெற்றார்.

அப்படியானால், லேசாக இடித்துக் கொண்டாலே ஸ்கேன் எடுத்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். இதில் மார்பு எக்ஸ்-ரேயைவிடப் பல மடங்கு கதிர்வீச்சு உண்டு. வளரும் உடம்பில், பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பை அது மிகச் சிறிதளவு கூட்டலாம்.

வட அமெரிக்காவில், டாக்டர் நாதன் கப்பர்மேன் குழுவினர், 25 அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த 42,412 சிறுவர், சிறுமியரைக் கவனித்து, 2009ல் முடிவை வெளியிட்டனர். ஸ்கேன் எடுத்துக் கொண்டவர்கள் 14,969 பேர். மூளையில் பெரிய பாதிப்பு இருந்ததோ, மொத்தமே 376 பேருக்குத்தான்!

நினைவு தப்பவில்லை, வாந்தி இல்லை, கடும் தலைவலி இல்லை, குழப்பமான பேச்சு இல்லை, எலும்பு முறிந்த அடையாளம் இல்லை, விழுந்த வேகமும் பெரிதில்லை என்றால், இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்கேன் தேவைப்படாது என்று அவர்கள் கண்டனர். சந்தேகமாக இருந்தால், சில மணி நேரம் மருத்துவமனையிலேயே வைத்துக் கவனிப்பதும் உண்டு.

"எப்படி விழுந்தே? வாந்தி எடுத்தியா?" என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்பது இதற்காகத்தான். மாடியிலிருந்து விழுந்துவிட்டு, "வாசற்படி தடுக்கிடுச்சு" என்று கதை விட்டால், அவர் போடும் கணக்கே தப்பாகிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு தலைவலி கூடினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, உடனே அம்மா, அப்பாவிடம் சொல்லுங்கள். நடு ராத்திரி என்றாலும் எழுப்பலாம், திட்ட மாட்டார்கள்!