பனிக்காற்றும் நுரை டின்னும்

பட்டிப்பொல ஸ்டேசன் 6,226 அடி உயரத்தில் இருக்கிறது. தை, மாசிக் குளிர் எப்படியென்று உங்களுக்கே தெரியும்தானே. காற்று வரும் இடுக்கை அடைக்க ஹார்ட்வேர் கடையில் நுரை டின் கிடைக்கிறது. ஜன்னல் சட்டத்துக்கு அது சரி. பாதி இடுக்குக்கு அடித்தால் போதும், ஊதிப் பெருகும். டின்னிலுள்ள வாயு தீப்பிடிக்கும். அடுப்பை அணைத்து, கதவைத் திறந்துவிட்டு, கையுறை போட்டு அடியுங்கள்.

புகைக்குழாயைச் சுற்றி மட்டும் வேண்டவே வேண்டாம். காய்ந்த நுரையும் எரியும், அந்தப் புகை விஷம். அங்கே சீமெந்துச் சாந்துதான் நல்லது.

குசினிப் புகை போகும் வழியை எதனாலும் அடைக்காதீர்கள். குளிருக்குத் தணல் சட்டியைக் காம்பராவுக்குள் வைத்துப் படுக்கவும் கூடாது. தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமில்லை; தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். தலைவலி, மயக்கம் என்றால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே வெளியே வாங்க.