மடிக்கணினியின் வெம்மை

நுழையும்முன்

தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. மராட்டிய மாநிலத்தில் தமிழ் பயிலும் மாணவர்களின் வீடுகளிலும் இன்று சிறிய மடிக்கணினி பாடத்துணையாக விளங்குகிறது. வாங்கிய புதிதில் ஐந்து மணிநேரம் இயங்கிய கருவி, சில ஆண்டுகளில் இரண்டு மணிநேரத்திலேயே அணைந்துவிடுவது ஏன்? அதனைத் தடுக்க இயலுமா? இப்பாடம் அவ்வினாக்களுக்கு விடை கூறுகிறது.

கராடியின் கோடை

புனே நகரின் கிழக்குப் பகுதியில் அமைந்தது கராடி. இயான் தகவல் தொழில்நுட்பப் பூங்கா, உலக வணிக மையம் ஆகியவை இங்கு உள்ளன. அவற்றின் அலுவலகங்களில் கணினிகள் நாள்முழுதும் குளிரூட்டப்பட்ட அறைகளில் இயங்குகின்றன. வீட்டில் மாணவர் பயன்படுத்தும் மடிக்கணினியின் நிலை வேறு. ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் புனேயின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை நெருங்குவதுண்டு. மடிக்கணினித் தயாரிப்பாளர்கள் பலர், சுற்றுப்புற வெப்பநிலை 35 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் கருவியைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்துகின்றனர். எனவே, கோடையில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

வெப்பம் பிறக்கும் விதம்

மடிக்கணினி பெறும் மின்னாற்றல் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. திரையின் ஒளியும் ஒலிபெருக்கியின் ஓசையும் கூட அறைக்குள் பரவி வெப்பமாகிவிடும். ஆகவே, 20 வாட் மின்திறனில் இயங்கும் மடிக்கணினி, 20 வாட் வெப்பத்தை வெளியிடும் சிறு அடுப்புக்கு ஒப்பாகும்.

மின்கலத்தின் கொள்ளளவு வாட்-மணி என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. 40 வாட்-மணி கொண்ட மின்கலம், 8 வாட் செலவிடும் கணினியை ஐந்து மணிநேரம் இயக்கும். 20 வாட் செலவிட்டால் இரண்டு மணிநேரமே இயக்கும். வெப்பத்தைக் குறைக்கும் வழியும் மின்கலத்தை நீண்டநேரம் உழைக்கச் செய்யும் வழியும் ஒன்றே என்பது இதனால் விளங்கும்.

வெப்பம் வெளியேறும் வழி

கணினியின் மையச் செயலகத்தின்மீது செம்புத் தகடும் செம்புக் குழாயும் பொருத்தப்பட்டுள்ளன. குழாயினுள் உள்ள சிறிதளவு நீர்மம் வெப்பத்தால் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து மீண்டும் நீர்மமாகிறது. அம்முனையிலுள்ள மெல்லிய தகடுகளின்மீது மின்விசிறி காற்றைச் செலுத்தி வெப்பத்தை வெளியேற்றுகிறது. பல மடிக்கணினிகளில் காற்று நுழையும் துளைகள் அடிப்பகுதியில் உள்ளன. மெத்தைமீதோ தலையணைமீதோ வைத்தால் அத்துளைகள் அடைபடும். வெப்பம் எல்லை மீறினால் மையச் செயலகம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தேர்வு வேளையில் கணினி திடீரெனத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. மடிக்கணினியைச் சமமான, கடினமான மேசைமீது வைக்க வேண்டும். பின்பகுதியைச் சற்று உயர்த்தினால் காற்றோட்டம் பெருகும்.
2. திரையின் ஒளியளவைக் கண்ணுக்குப் போதுமான அளவிற்குக் குறைக்க வேண்டும்.
3. பயன்படாத செயலிகளையும் உலாவிப் பக்கங்களையும் மூட வேண்டும்.
4. மின்சேமிப்பு அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2007இல் ஏசஸ் நிறுவனம் வெளியிட்ட ஈ பிசி 701 என்னும் ஏழு அங்குலத் திரைச் சிறுகணினியில், 900 மெகாஹெர்ட்சில் இயங்கவல்ல செயலகம் 630 மெகாஹெர்ட்சில் இயங்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. வேகம் குறையின் மின்செலவும் வெப்பமும் குறையும். எழுதுதல், படித்தல் போன்ற பணிகளுக்கு உச்ச வேகம் தேவையில்லை.
5. காற்றுத் துளைகளில் படியும் தூசியை, கணினியை அணைத்த பின்னர் மென்தூரிகையால் அகற்ற வேண்டும்.

சூடான கணினியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தல் கூடாது. உள்ளே ஈரம் படிந்து மின்சுற்றுகள் பழுதடையும்.

மின்கலத்தைப் பேணுதல்

லித்தியம் அயனி மின்கலத்தை 1991இல் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் உருவாக்கத்திற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகியோர் 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

மிகுந்த வெப்பமும் எப்போதும் முழு மின்னேற்றத்தில் இருத்தலும் இம்மின்கலத்திற்குக் கேடு விளைவிக்கும். இரண்டும் சேரும்போது உள்ளே வேண்டாத வேதிவினைகள் விரைவுபடுகின்றன. இழந்த கொள்ளளவு மீள்வதில்லை. மின்னேற்றியுடன் இணைத்தே பயன்படுத்துவோர், மின்னேற்றம் 80 விழுக்காட்டில் நிற்குமாறு அமைத்தல் நன்று. இவ்வசதி பல மடிக்கணினிகளில் உண்டு. நெடுநாள் பயன்படுத்தாமல் வைப்பதாயின், பாதியளவு மின்னேற்றத்துடன் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். மின்கலம் முற்றிலும் தீர்ந்த பின்னரே மின்னேற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல்-காட்மியம் மின்கலத்திற்குக் கூறப்பட்ட அறிவுரை. லித்தியம் அயனிக்கு அது பொருந்தாது.

மின்கலம் உப்பினால் விசைப்பலகை மேலெழும்பும். மூடி சரியாகப் பொருந்தாது. அந்நிலையில் கணினியை உடனே அணைத்துவிட வேண்டும். மின்னேற்றவோ, அழுத்தவோ, துளையிடவோ கூடாது. தீப்பற்றும் இடர் உண்டு. பெற்றோரிடம் தெரிவித்துப் பழுதுநீக்கும் மையத்தில் ஒப்படைக்க வேண்டும். மின்கலத்தைக் குப்பையில் எறிதலும் தவறு. பயன்படுத்தி முடித்த மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை, இந்திய அரசின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 தயாரிப்பாளர்களுக்கு அளித்துள்ளன.

சொல்லும் பொருளும்

வெம்மை – சூடு
கொள்ளளவு – கொள்ளும் அளவு
நீர்மம் – திரவம்
இடர் – ஆபத்து
விழுக்காடு – சதவீதம்

மதிப்பீடு

1. மடிக்கணினியை மெத்தைமீது வைத்துப் பயன்படுத்தக் கூடாது. ஏன்?
2. 50 வாட்-மணி மின்கலம், 10 வாட் செலவிடும் கணினியை எத்தனை மணிநேரம் இயக்கும்?
3. ‘வெப்பத்தைக் குறைப்பதும் மின்கலத்தைக் காப்பதும் ஒன்றே’ – பாடப்பகுதி கொண்டு விளக்குக.
4. உங்கள் வீட்டு மடிக்கணினி வைக்கப்படும் இடத்தை உற்றுநோக்கி, செய்ய வேண்டிய மாற்றங்களை ஐந்து தொடர்களில் எழுதுக.