பாகல் பந்தலில் வெள்ளைப் பொடி

உங்கள் வீட்டுக் கொல்லையில் பாகற்கொடி பந்தல் ஏறிவிட்டதா? பூவும் பிஞ்சுமாக நிற்கிறதா? நல்லது. நாளைக் காலையில் சற்றுக் குனிந்து, கொடியின் அடிப்பக்கத்து முதிர்ந்த இலைகளைப் புரட்டிப் பாருங்கள். யாரோ கோதுமை மாவைக் கிள்ளித் தெளித்தாற்போல் வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். அதுதான் சாம்பல் நோய்.

பூச்சிக்காக அடுப்புச் சாம்பல் தூவும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. துடைத்துவிட்டுப் பாருங்கள். சாம்பல் என்றால் அதோடு போய்விடும். நோயானால் சில நாளில் மறுபடியும் பூத்து, பக்கத்து இலைக்கும் தாவியிருக்கும். பிறகு இலை மஞ்சளாகிக் கருகும். இலை போனால் கொடிக்கு உணவு ஏது? காய் சிறுத்துப்போகும். கண் பட்டுவிட்டது என்று பழஞ்செருப்பைக் கட்டித் தொங்கவிடுவோரும் உண்டு. செருப்பு தொங்கட்டும், கெடுதல் இல்லை. இலையையும் பாருங்கள் என்கிறேன்.

இது ஒரு பூஞ்சணம். உயிருள்ள செடியில்தான் வளரும். இலை நனைந்திருக்க வேண்டும் என்பதில்லை. காற்றில் ஈரம் இருந்தாலே போதும். ஆகவே கொட்டும் மழையைவிட, மழை விட்ட நாட்களில், காற்றுப் புகாத நெருக்கமான பந்தலில்தான் இதன் ஆட்டம் அதிகம்.

ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது கொழுந்தைக் கெடுக்கும் வெள்ளைப் பூப்பும் இந்த இனத்து நோயே. அதற்குக் கந்தகத் தூள் அடிப்பதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அதையே பாகலுக்கும் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். நம் ஊர் வெயிலில் கந்தகம் கொடிக்காய்களின் இலையைச் சுட்டுவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து தோட்டத்து மருந்துப் பம்பு. எங்கள் பள்ளிக் காய்கறிப் பாத்தியில் இந்நோய் வந்தபோது, பெற்றோர் ஒருவர் நல்லெண்ணத்தோடு பம்பைக் கொண்டுவந்து மருந்தடித்தார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன், கேட்கத் தோன்றவில்லை. பம்பின் அடியில் களைக்கொல்லி மிச்சம் இருந்திருக்கிறது. ஒரே வாரத்தில் பந்தல் முழுவதும் வாடியது. பிள்ளைகள் எண்ணி எண்ணி வைத்திருந்த காய்களை நானே பறித்துக் குழியில் புதைத்தேன். ஒருவர் வீட்டுக்கும் கொடுக்கத் துணியவில்லை. அந்தக் காயை யாராவது சமைத்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. வேலைக்காட்டுப் பம்பும் மருந்து டின்னும் சமையற்கொல்லைப் பக்கமே வரக்கூடாது, எத்தனை முறை கழுவினாலும் சரி.

பின் என்னதான் செய்வது? பால் இருக்கிறது! 1999-இல் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் பூசணி இனச் செடியின் சாம்பல் நோய்க்குப் பசும்பால் கலந்த நீரைத் தெளித்து, நல்ல பலன் கண்டு எழுதியிருக்கிறார். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். காலை வெயில் ஏறும்போது இலையின் இரு புறமும் நனையும்படி வாரம் ஒருமுறை, நோய் மிகுந்தால் இருமுறை தெளியுங்கள். டீ கலக்கும் இனிப்பு டின் பால் உதவாது, எறும்புதான் வரும். வெளுத்துப்போன இலை இதனால் பச்சையாகாது. பரவுவது தணியும், அவ்வளவே. ஆகவே பொட்டு சிறிதாக இருக்கும்போதே தொடங்க வேண்டும்.

அதற்கு முன்பாக, மிகவும் வெளுத்த இலைகளைக் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். உதறாதீர்கள், அந்தப் பொடிதான் விதை. நெருங்கிய பக்கக் கிளைகளைக் கழித்துக் காற்றுக்கு வழிவிடுங்கள்.

லயத்தில் வீட்டுக்கு வீடு வேலி ஒட்டியே இருக்கிறது. காற்றுக்கு உங்கள் பந்தல், பக்கத்து வீட்டு அக்காள் பந்தல் என்ற பேதமில்லை. காய்த்து ஓய்ந்த கிழட்டுக் கொடி அங்கே நின்றால், பக்குவமாகப் பேசி, நீங்களே உடனிருந்து பிடுங்கிக் கொடுங்கள். புது விதையை அதன் பிறகு ஊன்றலாம்.